வான் சான்டன் என்ற வாத்தியார்

நம்ம இதழ்ல வாழ்க்கை வரலாறுன்னாலே பெரும்பாலும் ஜெயிச்சவங்க கதைதான் வரும். ராமானுஜன், டெஸ்லா, கலாம். எனக்கும் அவங்களைப் பிடிக்கும். ஆனால் கடைசி செமஸ்டரில் எழுதக் கிடைத்த இந்த வாய்ப்பில், நீங்க யாருமே ஆக விரும்பாத ஒருத்தரைப் பற்றி எழுதப் போகிறேன். விமானத் துறையில் இருக்கிறவங்களுக்கு இவர் பெயர் நன்றாகவே தெரியும். ஆனால் அவரோட கடைசி அரை நிமிஷத்தை வைத்துத்தான் தெரியும். ஐம்பது வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷனை அரை நிமிஷத்தை மட்டும் வைத்து எடை போடுவது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் மீதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

யாகோப் ஃபெல்ட்ஹாய்சன் வான் சான்டன், 1927 பிப்ரவரி 5-ம் தேதி நெதர்லாந்தில் லிஸ்ஸே என்ற ஊரில் பிறந்தவர். ட்யூலிப் பூ வயல்களுக்குப் பெயர் போன ஊர். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் விமான நிலையமும் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் புகுந்தபோது அவருக்கு வயசு 13. போர் முடிந்தபோது 18. நாம பிளஸ் டூ முடிக்கிற வயசு வரைக்கும் அவர் பார்த்த வானம் முழுக்கப் போர் விமானங்கள் பறந்த வானம். போர் முடிந்து இரண்டே வருஷத்தில், 1947-ல், தனியார் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டார். 1950-ல் கமர்ஷியல் லைசென்ஸ். அதற்குப் பிறகு வாழ்க்கை முழுக்க ஒரே கம்பெனிதான், கேஎல்எம்.

புரொப்பெல்லர் விமானங்கள் பறந்த காலத்தில் தொழிலுக்கு வந்து, ஜெட் காலத்தைத் தாண்டி, 1971-ல் கேஎல்எம் முதல் போயிங் 747-ஐ வாங்கிய காலத்தில் அவர் உச்சியில் இருந்தார். அந்த விமானம் அப்போது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு இப்போது புரிவது கஷ்டம். அதுவரை இருந்த விமானங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களை ஏற்றுகிற ராட்சசன். அதை ஓட்ட மற்ற பைலட்டுகளுக்குக் கற்றுக் கொடுக்கிற பொறுப்பு இவருக்கு வந்தது. கேஎல்எம்மின் 747 பயிற்சிக்கே தலைமை. கேஎல்எம்மில் 747 ஓட்டியவர்களில் பலர் இவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்டினார்கள். விளம்பரத்திலும் இவர் முகம்தான். காக்பிட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருக்கலாம். பார்த்தாலே நம்பிக்கை வரும், அப்படி ஒரு சிரிப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. பயிற்சியாளர் என்றால் பெரும்பாலான நேரம் சிமுலேட்டரில்தான் இருப்பார். சிமுலேட்டரில் கன்ட்ரோல் டவர் கிடையாது. மாணவன் ரன்வே முனையில் நிற்கும்போது, கிளம்பலாம் என்று டவர் சொல்ல வேண்டியதையும் பயிற்சியாளரே சொல்லிவிடுவார். சில நேரம் அதைக்கூடச் சொல்ல மாட்டார், நேரம் மிச்சமாகட்டும் என்று நேராக டேக்-ஆஃப் செய்யச் சொல்லிவிடுவார். ஆக, வருஷக்கணக்காக இவருக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது இவரேதான். 1977 மார்ச்சில் அந்த நாள் வந்தபோது, வழக்கமான பயணிகள் விமானம் ஓட்டி அவருக்குப் பன்னிரண்டு வாரம் ஆகியிருந்தது. பின்னால் விசாரித்தவர்களும் அறிக்கையில் இதைக் குறிப்பிட்டார்கள்.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கனாரித் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸுக்குச் சுற்றுலா விமானம். விமானத்தின் பெயர் ரைன். பக்கத்து சீட்டில் துணை விமானி கிளாஸ் மெயர்ஸ். 747-ல் அவர் பறந்திருந்தது நூறு மணி நேரம்கூட இல்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் அவரைச் சோதித்து, 747 ஓட்டத் தகுதியானவர் என்று சான்று கொடுத்திருந்தார் ஒருவர். அந்த ஒருவர் வான் சான்டன்தான். புராஜெக்ட் கைடு கூடவே உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. பின்னால் ஃப்ளைட் இன்ஜினியர் வில்லெம் ஸ்க்ரூடர், பதினேழாயிரம் மணி நேரம் பறந்த அனுபவசாலி.

லாஸ் பால்மாஸ் விமான நிலையத்துப் பூக்கடையில் அன்று மதியம் ஒரு குண்டு வெடித்தது. கனாரித் தீவுகளுக்குத் தனி நாடு கேட்ட இயக்கம் வைத்தது. இரண்டாவது குண்டு இருப்பதாகவும் மிரட்டல் வந்ததால் நிலையத்தை மூடிவிட்டு, வந்துகொண்டிருந்த விமானங்களை எல்லாம் பக்கத்துத் தீவான டெனெரீஃபுக்குத் திருப்பினார்கள். அங்கே லாஸ் ரோடியோஸ் என்ற சின்ன நிலையம். ஒரே ரன்வே, அதற்கு இணையாக ஒரே டாக்ஸிவே. ஞாயிற்றுக்கிழமை என்பதால் டவரில் இரண்டே பேர். தரையில் போகிற விமானங்களைக் காட்டும் ரேடார் கிடையாது. வந்து இறங்கிய பெரிய விமானங்களை நிறுத்த இடமில்லாமல் டாக்ஸிவே மேலேயே நிறுத்தினார்கள். ரைனுக்குப் பின்னால் பான் ஆம் கம்பெனியின் இன்னொரு 747. அமெரிக்காவிலிருந்து, பெரும்பாலும் கப்பல் சுற்றுலாவுக்குப் போகிற வயதானவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. 1970-ல் உலகின் முதல் 747 பயணிகள் சேவையைத் தொடங்கி வைத்ததும் இதே விமானம்தான்.

வான் சான்டனுக்கு இப்போது ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. விமானிகள் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று டச்சு அரசு கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் விதியை இறுக்கியிருந்தது. முன்பெல்லாம் கேப்டன் தன் பொறுப்பில் நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். புது விதியில் அந்த உரிமை போய்விட்டது. மீறினால் வழக்கு வரலாம், லைசென்ஸுக்கே ஆபத்து. ஆம்ஸ்டர்டாமுக்கு ரேடியோவில் பேசி எத்தனை மணி வரைக்கும் தாங்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். அந்த நேரம் தாண்டினால் இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுக்கு ராத்திரி தங்க இடம் தேட வேண்டும், அதுவும் விடுமுறைக் கூட்டம் நிறைந்த தீவில்.

லாஸ் பால்மாஸ் மறுபடி திறந்தது. பான் ஆம் கிளம்பத் தயார். ஆனால் முன்னால் ரைன் நிற்கிறது, பக்கத்தில் ஒதுங்கிப் போக முடியுமா என்று இறங்கி அளந்து பார்த்தார்கள். சுமார் நாலு மீட்டர் இடம் பத்தவில்லை. ரைன் அப்போது பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தது (எரிபொருள் என்று எழுதினால் யாரோ தூரத்தில் இருப்பது போல இருக்கிறது, அதனால் நம்ம ஊர்ப் பேச்சிலேயே விடுகிறேன்). லாஸ் பால்மாஸ் அரை மணி நேரத் தூரம்கூட இல்லை. ஆனால் அங்கே கூட்டத்தில் நின்று போடுவதற்கு இங்கேயே போட்டுக்கொண்டால், திரும்பி ஆம்ஸ்டர்டாம் போக நேரம் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. 55,500 லிட்டர். எடையில் பார்த்தால் ஏறக்குறைய 44 டன். நேரத்தை மிச்சப்படுத்த எடுத்த அந்த முடிவால் அரை மணி நேரத்துக்கு மேல் போனது. அந்த அரை மணி நேரத்தில்தான் மலையிலிருந்து மேகம் இறங்கியது.

லாஸ் ரோடியோஸ் கடல் மட்டத்திலிருந்து 633 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வருவது நாம காலையில் பார்க்கிற பனிமூட்டம் மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. மேகமே தரையோடு தவழ்ந்து போகும். மலைப்பாதையில் பஸ்ஸில் போனவங்களுக்குத் தெரியும், ஒரு வளைவில் எல்லாம் தெளிவாக இருக்கும், அடுத்த வளைவில் டிரைவருக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய மாதிரி ஆகிவிடும். ரன்வேயின் ஒரு முனையில் பார்வை தூரம் ஓரளவு இருக்கும்போதே நடுவில் ஒன்றுமே தெரியாது. ரன்வேயின் நடுக்கோட்டு விளக்குகளும் அன்று வேலை செய்யவில்லை. டவரில் இருந்தவங்களுக்கு ரன்வேயும் தெரியாது, விமானமும் தெரியாது. எல்லாருக்கும் மிச்சமிருந்தது காது மட்டும்தான்.

டாக்ஸிவே அடைத்துக் கிடந்ததால் இரண்டு விமானங்களும் ரன்வே மேலேயே எதிர்த்திசையில் ஊர்ந்து போக வேண்டும். ரைன் கடைசி வரை போய் முழுக்கத் திரும்பி நிற்க வேண்டும். பின்னால் வரும் பான் ஆம், இடது பக்கம் மூன்றாவது வழியில் வெளியேற வேண்டும். அந்த மூன்றாவது வழியைப் படத்தில் பாருங்க, கிட்டத்தட்ட வந்த பாதைக்கே திரும்புகிற மாதிரி 148 டிகிரி வளைவு. ஒரு 747-ஐ வைத்துக்கொண்டு அந்தத் திருப்பம் நடைமுறையில் ஆகாது. நாலாவது வழியின் வளைவு அதைவிட ரொம்பவே குறைவு. பான் ஆம் விமானிகள் மூன்றாவதைத் தாண்டி நாலாவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், மேகத்துக்குள், ரன்வே மேலேயே.

ரன்வே முனையில் ரைன் திரும்பி நின்றது. நின்ற உடனே வான் சான்டன் இன்ஜின் வேகத்தைக் கூட்டினார். மெயர்ஸ் தடுத்தார். இன்னும் அனுமதியே வரவில்லை என்று நினைவூட்டினார். கேப்டன் வேகத்தைக் குறைத்து, தனக்கும் தெரியும் என்கிற தொனியில், போய்க் கேள் என்று விட்டுவிட்டார்.

மெயர்ஸ் கேட்டார். டவர் பதில் சொன்னது. ஆனால் வந்தது பாதைக்கான அனுமதி, கிளம்புவதற்கான அனுமதி இல்லை. நம்ம பாஷையில் சொன்னால், ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது, மணி இன்னும் அடிக்கவில்லை. ஆனால் டவர் படித்த வாசகத்திலேயே டேக்-ஆஃப் என்ற வார்த்தை வந்தது, கிளம்பிய பிறகு எப்படித் திரும்ப வேண்டும் என்பதற்காக. அந்தக் காதுக்கு அது போதுமானதாக இருந்தது. மெயர்ஸ் அதைத் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கும்போதே வான் சான்டன் பிரேக்கை விட்டுவிட்டார். மெயர்ஸ் அவசர அவசரமாக, நாங்கள் இப்போது டேக்-ஆஃப் நிலையில் இருக்கிறோம் என்பது போல ஒரு வாக்கியத்தைச் சேர்த்து முடித்தார். நிற்கிறோம் என்றும் அர்த்தம் எடுக்கலாம், ஓடுகிறோம் என்றும் எடுக்கலாம். டவர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டது.

ஒரு நிமிஷம் முன்னால் கேப்டனைத் திருத்தியவர் ஏன் இரண்டாவது முறை திருத்தவில்லை? இதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை, மூன்று பேரும் திரும்பி வரவில்லை. ஆனால் வைவாவில் எக்ஸ்டெர்னலை ஒரு முறை திருத்தியவங்க, இரண்டாவது முறை திருத்த வாய் வருமா என்று யோசிச்சுப் பாருங்க.

இப்போது நம்ம சிலபஸ் உள்ளே வருகிறது. விமான ரேடியோ ஏஎம் முறையில் வேலை செய்வது. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால், இரண்டு கேரியருக்கும் இடையில் இருக்கிற சின்ன அதிர்வெண் வித்தியாசம் கேட்பவன் காதில் விசிலாக விழும். அனலாக் கம்யூனிகேஷனில் ஹெட்டெரோடைன் என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோமே, அதேதான். டவர் முதலில் சரி என்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு, காத்திரு, நான் கூப்பிடுகிறேன் என்றது. அதே நொடியில் பான் ஆம் பதறிப் போய், நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்றது. இரண்டில் எது ஒன்று தெளிவாகக் கேட்டிருந்தாலும் போதும். இரண்டும் சேர்ந்து ரைன் காக்பிட்டில் ஒரு கீச்சென்ற சத்தமானது. சத்தத்துக்கு முன்னால் வந்த சரி மட்டும் சுத்தமாகக் கேட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்கு அடுத்த சில நொடிகளுக்காகத்தான். ரேடியோ திரும்பத் தெளிவானது. ரன்வேயை விட்டு விலகியதும் சொல் என்று டவர் பான் ஆமிடம் கேட்டதும், விலகியதும் சொல்கிறோம் என்று பான் ஆம் பதில் சொன்னதும் ரைனில் கேட்டது. இரண்டு விமானிகள் கவனமும் டேக்-ஆஃபில் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்க்ரூடர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். என்ன கேட்டார் என்பது கேப்டனுக்குப் புரியவில்லை. ஸ்க்ரூடர் மறுபடியும் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார், அதைக் கவனிங்க. வான் சான்டன் அழுத்தமாக, விலகிவிட்டது என்றார். ஸ்க்ரூடர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. காக்பிட் ஒலிப்பதிவில் இது இருக்கிறது.

அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவர் பார்க்கவில்லை, டவர் சொல்லவில்லை, பான் ஆமும் சொல்லவில்லை.

இதைப் படித்த அன்று நான் மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். போன வருஷம் எங்க டிரோன் குழுவில் நான்தான் சீனியர். ஜூனியர் ஒருத்தன், பேட்டரியை இணைப்பதற்கு முன்னால், நாலு விசிறியையும் கழற்றிட்டீங்களா அண்ணா என்று கேட்டான். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே ஆமாம்டா என்றேன். மறுபடி கேட்டான். ஆமாம்னு சொன்னேன்ல என்றேன். மூன்றைத்தான் கழற்றியிருந்தேன். அவன் ஆள்காட்டி விரலில் மூன்று தையல். நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கழற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவன் கேட்டது எனக்குக் கேள்வியாகவே விழவில்லை, தொந்தரவாக விழுந்தது. வான் சான்டனைத் திமிர் பிடித்தவர் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. அவரோடு வேலை செய்தவர்கள் மத்தியில் அவர் சிடுசிடுப்பானவர் என்று பெயர் எடுத்தவரும் இல்லை.

மேகத்துக்குள்ளிருந்து பான் ஆம் வெளிப்பட்டபோது நிறுத்த வழியில்லை. வான் சான்டன் மூக்கை முடிந்த மட்டும் மேலே இழுத்தார். வால் ரன்வேயில் சுமார் இருபது மீட்டருக்கு உராய்ந்தது. பான் ஆம் கேப்டன் இடது பக்கம் புல்வெளிக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். ரைனின் முன்சக்கரம் அவர்களுக்கு மேலாகத் தாண்டிவிட்டது. பின்சக்கரங்களும் வயிற்றுப் பகுதியும் இன்ஜின்களும் தாண்டவில்லை. அந்த 44 டன் இல்லாமல் இருந்திருந்தால் எழும்பியிருக்குமா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ரைன் கொஞ்ச தூரம் காற்றில் போய் விழுந்து, ரன்வேயில் சறுக்கி, நிரப்பிய பெட்ரோலோடு எரிந்தது. மாலை 5 மணி 6 நிமிஷம். ரைனில் இருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பான் ஆமில் 335 பேர் இறந்தார்கள், 61 பேர் தப்பினார்கள். மொத்தம் 583. அந்த மேகத்தில் தீயணைப்புக்காரர்களுக்குக் கொஞ்ச நேரம் வரை எரிவது இரண்டு விமானம் என்றே தெரியவில்லை.

ஸ்பெயின் விசாரணை, அனுமதி இல்லாமல் கேப்டன் கிளம்பியதே அடிப்படைக் காரணம் என்றது. டச்சு தரப்பு ரேடியோ குழப்பத்தையும் டவரின் வார்த்தைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. கடைசியில் கேஎல்எம் பொறுப்பை ஏற்று நஷ்ட ஈடு கொடுத்தது. என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான். ஆனால் மேகம், குண்டு, விசில் சத்தம், 148 டிகிரி எதுவும் யார் கையிலும் இல்லை. ஸ்க்ரூடரின் கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும் ஒருத்தர் கையில் இருந்தது.

மாறியது என்ன என்று கேட்பீங்க. இப்போது டேக்-ஆஃப் என்ற வார்த்தையை டவர், கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எப்போதும் உச்சரிக்கக் கூடாது. மற்ற நேரமெல்லாம் டிபார்ச்சர்தான். அடுத்த விமானம் ஏறும்போது விமானிகள் ரேடியோ கேட்க வாய்ப்புக் கிடைத்தால் கவனிச்சுப் பாருங்க. டெனெரீஃபின் தென்பகுதியில், மேகம் இறங்காத தாழ்வான இடத்தில், 1978-ல் புது நிலையம் திறந்தார்கள். 1979-ல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது, 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதைப் பாடத்திட்டமாகவே ஆக்கியது. க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர். சின்னவர் எப்படிக் கேட்க வேண்டும், எத்தனை முறை கேட்க வேண்டும், பெரியவர் எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு. வாழ்நாள் முழுக்கப் பாடம் எடுத்தவர், இறந்த பிறகும் உலகம் முழுக்க அந்த வகுப்பில் பாடமாக இருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆம்ஸ்டர்டாமில் கேஎல்எம் அலுவலகத்துக்குச் செய்தி வந்து சேர்ந்தது. நம்ம 747 ஒன்று டெனெரீஃபில் எரிந்துவிட்டது, உடனே விசாரணைக் குழு அனுப்ப வேண்டும். 747 பற்றி அதிகம் தெரிந்தவர், நிதானமானவர், சொன்னால் எல்லாரும் கேட்கக்கூடியவர் யார் என்று யோசித்தபோது அவர்களுக்கு ஒரே பெயர்தான் தோன்றியது. வான் சான்டன் எங்கே இருக்கிறார் என்று தேட ஆரம்பித்தார்கள்.